மாணவர் கையும் ஏழையின் நாடியும்

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவர் ஒருவர்; நோயைத் தீர்ப்பவர் ஒருவர்; மருந்து மூன்றாவது; அருகிலிருந்து அதைப் பக்குவமாய்க் கொடுத்துப் பேணுபவர் நான்காமவர். நோயாளியைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மருத்துவம் கற்கும் மாணவர் முதலில் வந்து நிற்கும் இடம் அந்த நான்காம் இடம்தான். அங்கிருந்து இரண்டாம் இடத்துக்கு அவர் ஏறவேண்டுமானால் தொட்டுப் பார்த்துக் கற்பதற்கு நோயாளிகள் வேண்டும். அந்த நோயாளிகள் பெரும்பாலும், காசு கொடுத்து வைத்தியரை வீட்டுக்கு அழைக்க வழியில்லாத ஏழைகளாகவே இருந்து வந்திருக்கிறார்கள்.

ஏழைக்கு மருத்துவம் வேண்டும். மாணவருக்குப் பயிற்சி வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சந்தித்த இடத்தில் பிறந்தவையே மாணவர்கள் நடத்தும் இலவச மருத்துவ நிலையங்கள். இது தருமமா, அல்லது ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் நடுவில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று இன்று பார்ப்போம்.

முதலில் சற்றுத் தொலைவுக்குப் போவோம். ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில், 1776ஆம் ஆண்டு, ஆண்ட்ரூ டங்கன் என்ற மருத்துவ ஆசிரியர் பொது மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். பெரிய மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத ஏழைகள் அங்கே வந்து இலவசமாக மருந்து வாங்கிச் சென்றார்கள். மாணவர்கள் பக்கத்தில் நின்று, நோயை எப்படிக் கேட்டறிவது, எப்படிக் கணிப்பது என்று கற்றுக்கொண்டார்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் முற்றிய நோயாளி; மருந்தகத்துக்கு நடந்து வருபவரோ அன்றாட நோயாளி. நாளைக்கு ஊரில் தொழில் நடத்தப் போகும் மாணவருக்கு இரண்டாவது வகையே அதிகம் பயன்பட்டது. இந்த முறை பிரிட்டிஷார் சென்ற நாடுகளுக்கெல்லாம் அவர்களோடு கப்பலேறிப் போயிற்று.

தமிழ் வழங்கும் மண்ணில் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, மகப்பேறு, இரண வைத்தியம் ஆகிய துறைகளில் மேனாட்டு நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். ஏன் தமிழில் என்று கேட்டால் காரணம் எளிது. ஆங்கிலத்தில் கற்றவர் நகரத்து உத்தியோகத்தை நாடிப் போய்விடுவார். தமிழில் கற்றவர் தம் ஊரில் தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார் என்று அவர் எண்ணினார். கல்வி எங்கே நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் யாருக்குச் சேரும் என்பதும் அமையும். இந்தக் குறிப்பை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயாவுக்கு வந்து, இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தார்கள். இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் அவர்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தோருக்கும் தாய்வீடாயிற்று. மருத்துவமனைகளில் இவர்கள் வகித்த பதவியின் பெயர் ‘டிரெஸர்’. பெயரளவில் அவர் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். செயலளவில், தோட்டப்புறத்தில் பெரும்பாலான நாட்களில் இருந்த ஒரே வைத்தியர் அவரே. பட்டம் பெற்ற வெள்ளைக்கார மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்தார். குறித்த நாளில் வந்து பார்த்துப் போவார்.

அக்காலத்துக் கோலாலம்பூரில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் இல்லாமலில்லை. பின்னாளில் சீனர்களின் தலைவராக விளங்கிய காப்பித்தான் யாப் குவான் செங் 1881ஆம் ஆண்டில் தொடங்கிய மருந்தகமே பிறகு துங் சின் மருத்துவமனையாக வளர்ந்தது. ஈயச் சுரங்கத்தில் உழைத்து நோய்வாய்ப்பட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது புகலிடம். ஆனால் உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாக்கும் கல்லூரி ஒன்று மலாயாவில் இல்லை. அந்தக் குறை 1905ஆம் ஆண்டில் நீங்கிற்று. டான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் சமூகத்தினர் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுக்க, சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அரசாங்கம் கொடுத்த கட்டடம் பழைய பெண்கள் மனநோய் விடுதி. இருபத்து மூன்று மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளியே, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்விக்கு மூலவித்து. மக்கள் தம் பணத்தால் எழுப்பிய பள்ளி என்பதால், அதில் கற்றவர்கள் மக்களுக்குக் கடன்பட்டவர்கள் என்று சொன்னால் அது வெறும் புகழ்ச்சி ஆகாது.

இனி கிள்ளானுக்கு வருவோம். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக மால்கம் வாட்சன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். மருத்துவப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. மூத்த மருத்துவர்கள் பலர் அதை முழுக்க நம்பவும் இல்லை. கிள்ளான் பட்டணமோ சதுப்பு நிலத்தாலும் காட்டாலும் சூழப்பட்டிருந்தது. அதே 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் துறைமுகத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் நிலை வந்தது.

வாட்சன் என்ன செய்தார்? மருந்து கொடுத்தார்; ஆனால் அத்தோடு நிற்கவில்லை. சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸின் துணையோடு, காட்டை வெட்டவும், பள்ளங்களை நிரப்பவும், வாய்க்கால் தோண்டிச் சதுப்பு நீரை வடிக்கவும், துறைமுகத்தைச் சுற்றிக் கரை கட்டவும் அரசாங்கத்தை இணங்க வைத்தார். பலனை எண்களே சொல்கின்றன. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். வேறு நோய்களால் இறந்தவர்களின் தொகையும் கூடவே இறங்கிற்று. மலேரியா தாக்கிய உடல் எந்த நோய்க்கும் இடங்கொடுக்கும் என்பதால், ஒன்றைத் தடுத்தபோது மற்றவையும் தணிந்தன.

தோட்டங்களிலும் வாட்சன் புதுவழி கண்டார். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்ற கணக்கே அந்தத் தோட்டத்தின் மலேரியாக் கணக்கு. கருவியும் வேண்டாம், கூடமும் வேண்டாம்; கையும் பொறுமையும் போதும். சமவெளித் தோட்டத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் நோய் போயிற்று. மலைப்பாங்கான தோட்டத்திலோ அதே வேலை நோயைப் பெருக்கிற்று. வெயில் படும் ஓடைகளில் வேறோர் இனக் கொசு வளர்ந்ததே காரணம். அந்த ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் அடக்கவும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிக்கவும் பின்னர் வழி கண்டார்கள். நோயாளி வாழும் இடத்துக்குப் போய்ப் பார்க்காத மருத்துவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க முடியாது.

வாட்சனின் பணியைப் போற்றும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தோட்ட முதலாளிகள் சுகாதாரத்துக்குப் பணம் செலவிட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. காய்ச்சலில் கிடப்பவர் பால்மரம் வெட்ட முடியாது. கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்த ஆள் இறந்துபோனால் முதலாளிக்கு நட்டம். சட்டமும் தோட்ட மருத்துவமனைகளைக் கட்டாயமாக்கிற்று. ஆக, தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவம் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அது வேலையோடு கட்டுண்ட மருத்துவம். காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும்வரை மருந்து உண்டு. வேலை போனால் மருந்தும் போயிற்று. உண்மையாகவே நோயா, வேலைக்குச் சோம்பலா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் டிரெஸரிடம் இருந்தது. அன்பான டிரெஸர்களைத் தெய்வமாகக் கொண்டாடிய தோட்டங்கள் உண்டு. கடுமையானவர்களைக் கண்டு அஞ்சி நோயை மறைத்த தோட்டங்களும் உண்டு.

இந்த மனக்குறை 1941ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் வழிகாட்டலில் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு அவர்களின் முதல் கோரிக்கை. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவை நீக்கவேண்டும் என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, முறையான மருத்துவ வசதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். எழுத்தறிவு குறைந்த மக்கள் என்று பிறர் எண்ணியவர்கள், இலவசமாகக் கிடைத்த மருத்துவத்தைப் பற்றியும் குறை சொன்னார்கள் என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். காசு கொடுக்காமல் வாங்குவதால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்று அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள்.

அதற்குள் ஜப்பானியர் ஆட்சி வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் மலேரியாவும் சீதபேதியும் புரையோடிய கால்புண்களும் கொண்டு வந்தார்கள். வீட்டில் எஞ்சியிருந்தோர் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்திருந்தார்கள். 1946ஆம் ஆண்டு மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்து அந்த நிலையைக் கண்டார். அவ்வாண்டிலேயே இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்று மலாயாவுக்கு வந்து நோயுற்றோருக்குச் சிகிச்சை அளித்தது. அதில் சேர்ந்து தொண்டாற்றியவர்களில் ஒருவர் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி. ஜான்சி ராணிப் படையில் பதினெட்டு வயதில் சேர்ந்த அவர், போர் முடிந்தபின் துப்பாக்கியை வைத்துவிட்டு நோயாளிகளுக்குப் பணிசெய்ய வந்தார். அவர் மருத்துவ மாணவி அல்லர். நாம் தொடக்கத்தில் சொன்ன நான்காமவர். அன்றைய நெருக்கடியில் மருந்தைவிட, தமிழ் பேசி அருகில் அமர்ந்து பேணுவோரின் தேவை சிறிதன்று.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் மருத்துவத் துறை வேகமாக வளர்ந்தது. கம்பங்களில் சுகாதார நிலையங்களும் தாய்சேய் நல நிலையங்களும் எழுந்தன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் 1960களின் தொடக்கத்தில் தோன்றியது; அதன் முதல் தலைவர் பேராசிரியர் தி. ஜே. தனராஜ், சிங்கப்பூர்க் கல்லூரியில் கற்ற தமிழர். 1972இல் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் புலம் நிறுவப்பட்டது. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட் என்ற ஏற்பாடு, உலகில் பல நாடுகள் பொறாமைப்படத்தக்கது.

ஆயினும் ஓர் இடைவெளி நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம்; அங்குள்ளோரின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று அரசாங்கக் கிராமச் சுகாதாரத் திட்டம் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்றது. பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கிலும், பிறகு அடுக்குமாடிகளிலும் குடியேறின. தோட்ட மருந்தகம் போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று. பிறப்புப் பத்திரம் எடுக்காத குறையால் அடையாளக் கார்டு இல்லாமற் போனவர்களுக்கு 1 ரிங்கிட் மருத்துவமும் எட்டவில்லை. குடிமகன் என்ற சான்று இல்லாதவர், வெளிநாட்டவருக்குரிய பன்மடங்கு கட்டணத்தைச் செலுத்தவேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளர், அகதிகள் ஆகியோரின் நிலையும் இதுவே. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் இன்று வேறு மொழி பேசுவோர் நிற்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் இலவச மருத்துவ நிலையங்களுக்கு வேலை வருகிறது. அமெரிக்காவில் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான காப்புறுதி இல்லாததால் இடைவெளி இன்னும் பெரிது. 1967ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரிப் பகுதியில் டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் இலவச நிலையம் ஒன்றைத் திறந்தார். மருத்துவம் சலுகையன்று, உரிமை என்பது அவர்களின் கொள்கை. 1997இல் சான் டியேகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள், பேராசிரியர் எலன் பெக்கின் துணையோடு, காப்புறுதி இல்லாதோருக்காகத் தாங்களே நடத்தும் நிலையங்களைத் தொடங்கினார்கள். 2014ஆம் ஆண்டளவில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சுமார் முக்கால் பங்கில் இத்தகைய நிலையம் ஒன்றேனும் இருந்தது. பதிவு எழுதுவது, நோயைக் கேட்டறிவது, மருந்து எண்ணிக் கொடுப்பது, மொழிபெயர்ப்பது, பணம் திரட்டுவது எல்லாம் மாணவர் வேலை. முடிவும் கையெழுத்தும் பதிவுபெற்ற மருத்துவருடையவை.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமும், 2006 முதல் நடைமுறைக்கு வந்த தனியார் மருத்துவ நிலையச் சட்டமும் இருக்கின்றன. மாணவர்கள் தாமாக ஒரு கடையை வாடகைக்கு எடுத்து நிலையம் நடத்திவிட முடியாது, நடத்தவும் கூடாது. பதிவுபெற்ற மருத்துவரின் பொறுப்பில் துணை நிற்கலாம். ஆகவே இங்கே மாணவர் தொண்டு பெரும்பாலும் கோயில் மண்டபத்திலும் பள்ளிக் கூடத்திலும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் நடக்கும் மருத்துவ முகாமாகவே உருக்கொண்டது. தொண்டு அமைப்புகள் அகதிகளுக்கென நடத்திய நிலையங்களும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அத்தகைய பணிக்கும் இடம் தந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தகைய முகாமை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீண்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், கையில் இரத்த அழுத்தப் பட்டை. இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இருந்தது. அவர்களிற் பலர், தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். மலேரியா நடுக்கிக் காட்டும். நீரிழிவு சத்தம் போடாது. ஒரு துளி இரத்தம் ஒரு காலைக் காப்பாற்றும். ஒரு கண்ணைக் காப்பாற்றும்.

ஆனால் குறைகளையும் சொல்வோம். முகாமில் ‘சர்க்கரை அதிகம்’ என்று எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு ஒரு தாய் வீட்டுக்குப் போகிறார். அடுத்த மாதம் அவரை யார் பார்ப்பது? மாணவருக்குத் தேர்வு வருகிறது, விடுமுறை வருகிறது, பட்டம் பெற்று வேறு ஊருக்கு மாற்றலும் வருகிறது. நீரிழிவோ வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. நிழற்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும் முகாம், நோயாளிக்கு ஒரு பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. ஏழையின் உடல் பயிற்சிக்கான பொருள் மட்டுமே என்றாகிவிட்டால், பழைய தோட்டத்து மருத்துவத்தின் குறையே புதிய உடுப்பில் திரும்பி வந்ததாகும்.

வரலாறு இதற்கு வழியும் காட்டுகிறது. கிறீன் காட்டிய வழி, நோயாளியின் மொழியில் பேசுவது. சோறு, தோசை, தேத்தண்ணீர் என்று நாள்தோறும் உண்பதைத் தமிழில் கேட்காமல் நீரிழிவைக் கட்டுப்படுத்த முடியாது. வாட்சன் காட்டிய வழி, நோய் பிறக்கும் இடத்துக்குப் போவது; ஒரு மாடியில் பத்து வீட்டில் நோய் என்றால், மருந்தோடு கணக்கும் எடுத்து அதிகாரிகளிடம் கொண்டுபோவது. 1941இல் கிள்ளான் தொழிலாளர்கள் காட்டிய வழி, பெறுகிறவரின் குரலுக்கும் இடம் கொடுப்பது. முகாம் எப்படி இருந்தது என்று வந்தவரையே கேட்பது. இவற்றோடு ஒரு தடித்த பதிவேடும் வேண்டும். இவ்வாண்டு மாணவர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் படித்து, அதே தாயின் பெயரைச் சொல்லி அழைத்து, அரசாங்க மருந்தகத்துக்குப் போனீர்களா என்று கேட்கவேண்டும். அடையாளக் கார்டு இல்லாத காரணத்தால் போகவில்லை என்று அவர் சொன்னால், அந்தக் கார்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் மருத்துவமே.

இலவச நிலையம் நாட்டின் பொது மருத்துவத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது. அது ஒரு பாலம். பாலத்தின் மேல் யாரும் குடியிருப்பதில்லை. கடந்து போகவே அது கட்டப்படுகிறது. ஏழை அதைக் கடந்து முறையான மருத்துவத்துக்குப் போகிறார். மாணவர் அதைக் கடந்து முழு மருத்துவராகிறார். பிற்காலத்தில் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும்போதும், மண்டபத்து நாற்காலியில் கை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த முதல் நோயாளி அவர் நினைவில் இருப்பாரானால், தாம் பட்ட கடனை அவர் மறக்கவில்லை என்று நாம் மகிழலாம்.